கீதனின் வலது முழங்கை

பதினைந்து வயதுவரை கீதன் தன்னை ஒரு வேகப்பந்து வீச்சாளன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் ஒரு நடுவர். ஒக்லாந்தின் பக்குரங்காவில் பள்ளிக்கூட அணிக்காக விளையாடிய ஒரு சனிக்கிழமை, கீதனின் முதல் ஓவரிலேயே நான்கு தடவை 'நோ-போல்' என்று கையை நீட்டினார். கால் கோட்டைத் தாண்டவில்லை. முழங்கை மடிகிறது, இது வீசுவதல்ல, எறிவது என்றார். ஐந்தாவது தடவையும் கை நீண்டபோது அணித்தலைவன் பந்தை வாங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டான்.

எல்லைக்கோட்டருகே மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருந்த அப்பா கதிர்காமநாதன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நடுவரின் கண்பார்வையைப் பற்றியே கதைத்தார். அவர் மனுரேவாவில் ஒரு பெரிய பண்டகசாலையில் மேற்பார்வையாளர். பெட்டிகளைச் சரிபார்த்துப் பழகிய தன் கண்ணுக்குத் தெரியாத மடிப்பு அந்த மனுசனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் வேறு வேறு நடுவர்கள் அதையே சொன்ன பிறகு கண்பார்வைப் பேச்சு நின்றுபோனது.

முழங்கையை எவ்வளவு வேண்டுமானாலும் மடக்கு, கேட்க ஆளில்லை என்று சொல்லும் விளையாட்டு ஒன்று அதே புறநகரில் நடந்துகொண்டிருந்தது. பேஸ்போல் கழகப் பயிற்சியாளர் வெய்ன், பகலில் கூரைத் தகடு பொருத்துகிறவர். கீதன் எறிந்த பத்துப் பந்துகளைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டார். கிரிக்கெட்டில் இருந்தேன் என்று கீதன் சொன்னான். வெய்ன் அதை ஒரு நோயிலிருந்து மீண்டவனைக் கேட்பதுபோல அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

பதினெட்டு வயதில் கீதனின் பந்து மணிக்கு எண்பத்தெட்டு மைல் வேகத்தில் போனது. அமெரிக்காவிலிருந்து ஆள் தேடி வந்த ஒருவர் வலைக்குப் பின்னால் வேகமானியோடு நின்று பார்த்தார், குறிப்புப் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதினார், அடுத்த கோடையில் இன்னும் இரண்டு மைல் கூட்டிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார். கதிர்காமநாதனுக்கு இந்த விளையாட்டில் விளங்கிய ஒரே விஷயம் வேகம்தான். எண்பத்தெட்டு மைலைக் கிலோமீற்றராக மாற்றி, கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். 'ஹைவேயில இந்த வேகத்தில போனால் லைசென்சைப் பறிச்சுப் போடுவாங்கள்' என்பது அவர் வழக்கமாகச் சேர்க்கும் விளக்கம்.

அந்த இரண்டு மைல் வரவில்லை. பெப்ரவரி மாதத்து ஓர் ஆட்டத்தில், ஐந்தாவது இன்னிங்சில், கீதனின் முழங்கையின் உட்பக்கத்தில் ஈரத்துணி கிழிந்ததுபோல ஒரு சத்தம். வெய்ன் ஓடிவந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, நல்லாய் இருக்கிறேன் என்று கீதன் சொன்னான். சொல்லிவிட்டு மேலும் மூன்று பந்துகள் எறிந்தான். மூன்றாவது பந்து அடிக்க நின்றவரையும் தாண்டி, பின்னால் பிடிக்க நின்ற கேட்சரையும் தாண்டி, வலையின் ஓரத்தால் வெளியே போய், கழகத்துக்காகச் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்த மேசையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் வெய்ன் பந்தைத் திருப்பிக் கேட்டார்.

முழங்கை எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார் அறுந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து மெல்லிய தசைநாண் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் கட்ட வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். கட்டைவிரலையும் சின்னி விரலையும் ஒன்றோடொன்று தொடச் சொல்லி, மணிக்கட்டை மடக்கச் சொன்னார். வலது கையில் அந்த நாணே இல்லை. சிலருக்குப் பிறப்பிலேயே இருக்காதாம். இடது கையில் இருந்தது. ஆகவே இடது கையிலிருந்து எடுத்து வலது கைக்கு வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடம் கதிர்காமநாதன் இதை மகனின் இரண்டு கைகளுக்கும் இடையிலான ஒற்றுமை என்ற மாதிரி விவரித்தார். இரண்டு கையிலும் கட்டோடு, அம்மா ஊட்டிய புட்டை வாயில் வாங்கிக்கொண்டிருந்த கீதனுக்கு அந்த ஒற்றுமை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பத்தொன்பதாவது பிறந்தநாள் கேக்கையும் அவன் அப்படித்தான் சாப்பிட்டான்.

அம்மா இராசமலர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கிறவர். காலை ஆறரைக்கு வேலை தொடங்கினால் இரண்டரைக்கு வீடு வந்துவிடுவார். மகனின் விளையாட்டைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. எறிகிற நாட்களில் உடுப்புத் தோய்ப்பதும், சிவப்பு மண் கறையைச் சவர்க்காரம் போட்டு உரசுவதும் மட்டும்தான் அவருக்கும் பேஸ்போலுக்கும் இருந்த தொடர்பு.

இயன்மருத்துவர் மஹதி கிளென்ஃபீல்டில் இருந்தாள். சென்னைப் பெண். எறிகிற கைகளைத் தேற்றுவதில் பேர் பெற்றவள் என்பதால், கிழக்கிலிருந்து பாலம் தாண்டி வடகரைக்கு, வாரம் இரண்டு தடவை நெரிசலில் ஊர்ந்து போனார்கள். மஹதி கீதனோடு ஆங்கிலத்திலும் அம்மாவோடு தமிழிலும் பேசுவாள். ஆங்கிலத்தில் 'நன்றாக முன்னேறுகிறாய்' என்று இரண்டு சொல்லில் முடிவது, தமிழில் அம்மாவிடம் போகும்போது ஐந்து நிமிடம் நீளும். தன் கையைப் பற்றிய உண்மையான தகவல் எல்லாம் தமிழில்தான் போகிறது என்று கீதனுக்குச் சந்தேகம் வந்தது. எட்டு வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவன், அந்த வருடம் மிகவும் கவனமாகத் தமிழ் கேட்டான்.

செப்டெம்பரில் மஹதி ஓர் அட்டவணை கொடுத்தாள். பதினான்கு மீற்றர் தூரம், இருபத்தைந்து எறிகள், மெதுவாக. ஒரு நாள் விட்டு ஒரு நாள். கூடவே ஒரு கட்டளையும் இருந்தது. சுவரில் எறியக்கூடாது. சுவரோடு எறிந்தால் யாரும் எண்ணமாட்டார்கள், வேகமும் தன்னால் கூடிவிடும். பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆள் கிடைக்கவில்லை. கழகத்துப் பையன்கள் எல்லோரும் பகலில் வேலை. அப்பா பின்னேர ஷிஃப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முயன்று பார்த்தார். அவர் பந்தை அரவணைக்கப் போவதுபோல இரண்டு கையையும் விரித்தார், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நான்காவது பந்து மூக்குக்கண்ணாடியோடு முடிந்தது.

இராசமலர் அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கையுறையை வாங்கி இடது கையில் போட்டுக்கொண்டார்.

'எறி பாப்பம்.'

கீதன் பூப்போல எறிந்தான். அம்மா அதைக் கொய்யாக்காய் பிடுங்குவதுபோலப் பிடித்துத் திருப்பி எறிந்தார். அந்தப் பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. இன்னும் ஐந்து எறிந்தான். ஐந்தும் அப்படியே. விசாரித்தால், பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாண மாவட்ட வலைப்பந்து அணியில் விளையாடியிருக்கிறார். கல்யாணம் முடித்து இருபத்தைந்து வருடமாகியும் இதைத் தனக்குச் சொல்லவில்லையே என்று கதிர்காமநாதன் கேட்டார். நீங்கள் கேக்கேல்லையே என்றார் இராசமலர்.

அன்று முதல் வேலை முடிந்து வந்ததும் அம்மாவும் மகனும் தெருமுனைப் புல்வெளிக்குப் போனார்கள். நீல நிறச் சீருடையை மாற்றாமலே, கழுத்தில் அடையாள அட்டை ஆட, இராசமலர் நின்று பிடித்தார். நாய் நடத்த வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இருபத்தைந்தாவது பந்து கையுறைக்குள் விழுந்ததும் 'சரி' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடப்பார். இன்னும் இரண்டே இரண்டு என்று கெஞ்சினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பதினான்கு மீற்றர் பதினெட்டாகி, இருபத்தேழாகி, டிசம்பர் முடிவதற்குள் முப்பத்தைந்து ஆனது. ஆனால் வேகம் மட்டும் பாதிக்கு மேல் கூடாது என்று மஹதி வரம்பு வைத்திருந்தாள். கூடினால் அம்மாவாலும் பிடிக்க முடியாது.

கீதனுக்குப் பொறுமை குறைந்துகொண்டு வந்தது. அமெரிக்கர் மார்ச்சில் மறுபடி ஒக்லாந்து வருகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் ஒரு நாள், கடைத்தெருவில் வேலை முடிந்து வரும் வழியில், டென்னிஸ் பழகுகிறவர்களுக்கான கொங்கிரீட் சுவர் ஒன்றின் முன்னால் நின்றான். சுற்றிலும் ஆளில்லை. ஒரு பந்து மட்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அறுபதாவது பந்தில்தான் நிறுத்தினான். சுவரில் பட்டுத் தெறித்த சத்தம் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. இரவு முழங்கை வீங்கியிருந்தது.

அடுத்த நாள் கீதன் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தான். இருபத்தாறு பாகை வெயில். இராசமலர் சட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பந்து பிடித்தார். நான்காவதைத் திருப்பி எறியாமல், பந்தோடு நடந்து அவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

'நோகுதோ?'

இல்லை, நல்லாய் இருக்கிறேன் என்று கீதன் ஆங்கிலத்தில் சொன்னான்.

'தம்பி, நான் ஒரு நாளைக்கு நாப்பது பேரின்ரை கையைப் பிடிக்கிறன். மயங்கி விழுறதெல்லாம் நல்லாய் இருக்கிறன் எண்டு சொல்லுற ஆக்கள்தான். நோகுது எண்டு சொல்லுறவையைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவைக்கு முதலே கட்டில் குடுத்திடுவன். இப்ப சொல்லு. நோகுதோ?'

கீதன் புல்லைப் பார்த்தான். ஒரு நாய் வந்து அவன் சப்பாத்தை முகர்ந்துவிட்டுப் போனது.

'ஓம்' என்றான்.

எறியத் தொடங்கிய பிறகு, இந்தக் கையைப் பற்றி அவன் யாருக்கும் சொன்ன முதல் உண்மை அதுதான். அதைத் தமிழில் சொன்னான் என்பதை அவன் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார், ஆனால் அதைப் பாராட்டுகிற நேரம் அதுவல்ல என்று விட்டுவிட்டார்.

மஹதி முழங்கையை அழுத்திப் பார்த்தாள். புதிய நாண் அறவில்லை. அதைச் சுற்றித்தான் வீக்கம். ஆனால் ஆறு கிழமைக்குப் பந்தைத் தொடக்கூடாது என்றாள். அம்மாவின் பக்கம் திரும்பியபோது இந்த முறை அவள் தமிழ் மிகவும் சுருக்கமாக இருந்தது.

'ஆன்ட்டி, இன்னொரு தடவ இப்படிப் பண்ணா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க. நேரா ஆபரேஷனுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.'

'விளங்குதோ?' என்று அம்மா மகனைக் கேட்டார். மொழிபெயர்க்கத் தேவையில்லை என்று கீதன் சொன்னான்.

மார்ச்சில் அமெரிக்கர் வந்து வேறு யாரையோ பார்த்துவிட்டுப் போனார். அன்று கீதன் வீட்டில் பெரிய இரப்பர் நாடா ஒன்றைக் கதவுப்பிடியில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். அடுத்த இரண்டு நாளும் அதே நாடாதான். மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா கையுறையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுபடியும் பதினான்கு மீற்றரிலிருந்து. மறுபடியும் பாதி வேகம். இம்முறை சலிப்பைத் தீர்க்க, பந்தைப் பிடிக்கும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தான். விரல் நுனியில் பிடிப்பதற்குப் பதிலாக உள்ளங்கைக்குள் ஆழமாகப் புதைத்து, கையை முன்பு போலவே வீசினால், பந்து வேண்டா வெறுப்பாக மெதுவாகப் போய், கடைசியில் கீழே சரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அதை அம்மாவுக்கு எறிந்தான். இராசமலர் வழக்கமான நேரத்தில் கையுறையை மூடினார். உள்ளே ஒன்றுமில்லை. பந்து அதற்குப் பிறகுதான் வந்து அவரது அடையாள அட்டையில் பட்டு விழுந்தது.

'உதென்ன, ஏமாத்து வேலையோ?' என்றார்.

ஓம், ஏமாற்று வேலைதான் என்று கீதன் சந்தோசமாக ஒப்புக்கொண்டான். பேஸ்போலில் அது ஒரு குற்றமல்ல, கலை. வேகப்பந்து என்று நினைக்க வைத்து மெதுவான பந்தை அனுப்புவது. எண்பத்தெட்டு மைல் இருந்த காலத்தில் அவன் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. வேகம் இருப்பவனுக்கு ஏமாற்று எதற்கு என்பது அவன் கொள்கையாக இருந்தது. இப்போது கொள்கை மாறியது. பின்னேரங்களில் அம்மாவை ஏமாற்றுவது அவனுக்கு முழுநேரப் பொழுதுபோக்காகிவிட்டது. இரண்டு மாதத்தில் இராசமலர் அவன் முகத்தைப் பார்த்தே எது மெதுவானது என்று கண்டுபிடித்தார். எறிவதற்கு முன் நாக்கை உதட்டோரம் கடிக்கிறாய் என்றார். கீதன் நாக்கை உள்ளே வைக்கப் பழக இன்னும் ஒரு மாதம் எடுத்தது.

ஜூலை மாதக் குளிர்காலத்தில், பந்தெறிபவரான பிட்சர் நிற்கும் மேட்டில் ஏறி எறிய அனுமதி கிடைத்தது. பிடிக்கும் வேலையை வெய்னும் கழகக் கேட்சரும் ஏற்றுக்கொண்டார்கள். வேகமானி எண்பத்திரண்டு காட்டியது, பிறகு எண்பத்தைந்து. மெதுவான பந்தைப் பார்த்த வெய்ன், இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, உன் அம்மாவுக்குக் கழக உறுப்பினர் அட்டை ஒன்று கொடுக்க வேண்டும் என்று சிரிக்காமல் சொன்னார்.

நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கீதன் மறுபடியும் ஆட்டத்தில் இறங்கினான். காயம் பட்டு இருபத்தொரு மாதம். மஹதி இருபது பந்து என்று எல்லை போட்டிருந்தாள். இராசமலர் மடியில் எண்ணுகிற சிறு கருவியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கதிர்காமநாதன், மடக்குக் கதிரை, ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீர், முன்வரிசையில் இருந்த ஒரு சமோவா குடும்பத்துக்கு விளையாட்டை விளக்கும் உற்சாகம். அந்தக் குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் அன்று களத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மேட்டில் நின்றபோது கீதனுக்குக் கால் நடுங்கியது. கையைப் பற்றித்தான் இருபத்தொரு மாதமாகக் கவலைப்பட்டானே தவிர, காலைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. முதலில் அடிக்க வந்தவர் நாற்பது வயதைத் தொட்ட, வயிறு முன்தள்ளிய ஒருவர். கீதன் அவரைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்தான். முதல் பந்து, தன் பழைய மிடுக்கு முழுவதையும் சேர்த்து எறிந்த நேரான வேகப்பந்து. அந்த மனிதர் அதை மைதானத்தின் வேலிக்கு வெளியே, அதற்கும் அப்பால் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிட்டு, முழங்கால் நோவுக்குத் தக்கபடி நிதானமாக நான்கு தளத்தையும் சுற்றி வந்தார். பந்து நல்ல தூரம் போனதைக் கண்டு கதிர்காமநாதன் கைதட்டினார். இராசமலர் அவரது முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு கீதனின் கால் நடுங்கவில்லை. நடக்கக்கூடிய மிக மோசமானது முதல் பந்திலேயே நடந்து முடிந்துவிட்டது. கை இன்னும் தோளோடுதான் இருந்தது. கேட்சர் மெதுவான பந்தைக் கேட்டான். இரண்டாவது ஆள் அதற்கு முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிட்டு, பந்து வந்து சேர்வதை நின்று பார்த்தான். இரண்டு தடவை அப்படிச் சுழற்றி, மூன்றாவது தடவை வேகப்பந்துக்குப் பிந்திப் போய், மூன்றும் தவறியதால் ஆட்டமிழந்தான். முதல் விக்கெட் என்று கதிர்காமநாதன் அறிவித்தார். யாரும் திருத்தவில்லை. மூன்றாவது ஆள் பந்தை வானத்துக்கு அடித்துப் பிடிகொடுத்தான். நான்காவது ஆள் பொறுமைசாலி. எல்லைக்கு வெளியே போன நான்கு பந்துகளையும் விட்டுவிட்டு, விதிப்படி சும்மா முதல் தளத்துக்கு நடந்தான்.

ஐந்தாவது ஆள் வந்தபோது பதினாறு. இராசமலர் கருவியை அழுத்திக்கொண்டிருந்தார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இரண்டு தவறவிட்டான், இரண்டு வெளியே. இன்னும் ஒரே ஒரு நல்ல பந்து போதும், மூன்றாவது ஆளும் ஆட்டமிழந்து இன்னிங்ஸ் முடிந்துவிடும். வெய்ன் மேட்டுக்கு நடந்து வந்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லாப் பிட்சர்களும் சொல்லும் பதிலுக்காகக் காத்திருக்காமலே, அதை நம்பாத முகத்தோடுதான் கேட்டார்.

கீதன் பார்வையாளர் பக்கம் பார்க்கவில்லை. கை களைத்துவிட்டது, நோவில்லை, ஆனால் களைத்துவிட்டது என்று சொல்லிப் பந்தை நீட்டினான். வெய்ன் பந்தை வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன், ஒரு பிட்சர் இதைச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

இந்த நேர்மைக்கு உடனடியாக எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. அடுத்து வந்த பிட்சரின் முதல் பந்தையே அந்த ஐந்தாவது ஆள் ஓங்கி அடித்தான். முதல் தளத்தில் நின்ற பொறுமைசாலி ஓடி வந்து சேர்ந்தான், அந்த ஓட்டமும் கீதனின் கணக்கிலேயே விழுந்தது. கழகம் ஒன்பதுக்கு நான்கு என்று தோற்றது. கீதன் முழங்கையில் ஐஸ் பொதியைக் கட்டிக்கொண்டு முகம் நிறையச் சிரிப்போடு திரிந்தான். தோற்ற அணியில் அப்படிச் சிரித்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் சிலர் முறைத்தார்கள்.

அந்தப் பருவம் முடிவதற்குள் அவன் முப்பத்தொரு இன்னிங்ஸ் எறிந்தான். வேகம் எண்பத்தாறில் நின்றுவிட்டது. அமெரிக்கருக்கு வெய்ன் அனுப்பிய காணொளிக்கு மரியாதையான பதில் வந்தது. தொடர்ந்து கவனித்துக்கொண்டிருப்போம் என்று அதில் எழுதியிருந்தது. கவனிக்கமாட்டோம் என்பதன் நல்ல ஆங்கிலம் அது என்று கீதனுக்குத் தெரியும். ஒரு கிழமை வருத்தமாக இருந்தான். பிறகு பிரிஸ்பேனிலிருந்து ஒரு கழகம் எழுதியது. வேகத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அந்த மெதுவான பந்தைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒரு பருவம் வந்து எறி, கழகத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் அறை தருகிறோம், பகலில் டயர் கடை ஒன்றில் வேலையும் இருக்கிறது என்றார்கள். டயர் கடையா என்று கதிர்காமநாதன் ஒரு தடவை கேட்டார். எறியப் போகிறான், டயர் மாற்றப் போகவில்லை என்று இராசமலர் சொன்ன பிறகு, இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கீதனை ஓரமாக அழைத்தார்கள். அம்மா பெட்டியில் வைத்த மிளகாய்த்தூளால்தான் என்று பயந்தான். அதை முத்திரை பார்த்து விட்டுவிட்டார்கள். அதிகாரிக்குப் பிடிக்காதது அவன் கூர்ச் சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த சிவப்பு மண். வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாதாம். கையுறை போட்ட அந்தப் பெண் ஒரு தொட்டியில் வைத்து, பழைய பல்துலக்கி ஒன்றால் ஒவ்வொரு கூராகத் தேய்த்துக் கழுவினார். கழுவிக்கொண்டே, என்ன விளையாடுகிறாய் என்று கேட்டார். பேஸ்போல், பிட்சர் என்றான்.

எவ்வளவு வேகம் என்று கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்வி.

'எண்பத்தாறு' என்றான் கீதன். 'களைச்சிருந்தால் எண்பத்திநாலு.'

அவர் பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டி, சொட்டச் சொட்ட ஈரமான சப்பாத்தை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கொடுத்தார். வெளியே டயர் கடைக்காரர், கீதன் என்ற பெயரை இரண்டு எழுத்துப் பிழையோடு ஓர் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீதன் அந்தப் பெயருக்குக் கையை உயர்த்தினான்.